மலையோடை மீனுக்குக் கோவை வெயிலில் ஒரு தொட்டி

ஹில்ஸ்ட்ரீம் லோச் என்ற மலையோடை மீனை வளர்க்க ஆசைப்பட்டு என்னிடம் பேசுகிறவர்கள் முதலில் கேட்பது, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரைப் பற்றித்தான். "நம்ம ஊர் சூட்டுக்கு இது தாங்குங்களா?" நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் நான் அவர்களைக் கேட்பது வேறு: உங்கள் தொட்டியில் இருக்கும் கல்லை விரலால் தடவினால் வழுக்குகிறதா? பச்சையோ பழுப்போ ஏதாவது ஒட்டுகிறதா? ஒட்டவில்லை என்றால் சில்லர் வாங்கியும் பலனில்லை. குளிர்ந்த, பளிச்சென்று சுத்தமான தண்ணீரில் இந்த மீன் பட்டினியால் சாகும். அதுவும் ஒரே நாளில் இல்லை. வாரக்கணக்கில், யார் கண்ணுக்கும் படாமல். சூட்டில் இறந்ததாகச் சொல்லப்படும் லோச்களில் பாதிக்கு மேல் பசியில் இறந்தவை என்பது என் எண்ணம்.

நான் வளர்ப்பது செவெல்லியா லினியோலாட்டா. மத்திய வியட்நாமின் மலை ஓடைகளில் வாழ்வது. இரண்டு, இரண்டரை அங்குலத்துக்கு மேல் வளராது. கருப்பு உடம்பில் மஞ்சள் வலைப்பின்னல். மேலிருந்து பார்த்தால் தட்டையான இலை ஒன்று கல்லில் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். கடைகளில் இதோடு தென் சீனாவின் பியூஃபோர்ஷியாவும், போர்னியோவின் கேஸ்ட்ரோமைசானும் கலந்து வரும். மூன்றுக்கும் ஒரே பெயர்ப்பலகைதான்: 'பட்டர்ஃபிளை ப்ளெக்கோ', 'போர்னியோ சக்கர்', 'ஹாங்காங் ப்ளெக்கோ'. ப்ளெக்கோவுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. ப்ளெக்கோ தென் அமெரிக்கக் கெளுத்தி இனம். இவை நம் வைகைக் கரையில் குழம்பு வைக்கும் அயிரைக்குத்தான் தூரத்துச் சொந்தம்.

இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது ரொம்ப முக்கியம். ப்ளெக்கோ வாயால் கவ்வி ஒட்டுகிறது. லோச் ஒட்டுவது உடம்பால். முன் துடுப்பும் வயிற்றுத் துடுப்பும் விசிறியாக விரிந்து, ஒன்றையொன்று தொட்டு, உடம்பைச் சுற்றி ஒரு தட்டாக மாறிவிடுகின்றன. செவெல்லியாவுக்கு வயிற்றுத் துடுப்பு இரண்டும் பின்பக்கம் ஒன்றாகச் சேர்ந்தே இருக்கும். துடுப்பின் அடியில் கண்ணுக்குத் தெரியாத முட்கள் கல்லைப் பிடித்துக்கொள்ளும். அது கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது பக்கத்தில் போய்ப் பாருங்கள். துடுப்பின் பின்விளிம்பு மட்டும் படபடவென்று ஓயாமல் துடிக்கும். உடம்புக்கு அடியில் சேரும் தண்ணீரை வெளியே தள்ளும் வேலை அது. வாய்க்கு ஒட்டும் வேலை கிடையாது. அது முழுக்க முழுக்கச் சுரண்டித் தின்பதற்காகவே இருக்கிறது. விழித்திருக்கும் நேரமெல்லாம் சுரண்டிக்கொண்டே இருக்கும்.

சுரண்டுவது எதை? கல்லின் மேல் படியும் மெல்லிய படலத்தை. அதில் பாசி இருக்கும், டயாட்டம் என்ற கண்ணுக்குத் தெரியாத பழுப்புப் பாசி இருக்கும், நுண்ணுயிர்கள் இருக்கும், கொசுவின் உறவுக்காரப் பூச்சிகளின் குட்டிப் புழுக்கள் இருக்கும். வெறும் பாசி தின்னும் மீன் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு கடையில் எனக்குச் சொன்னது இதுதான்: "அண்ணா, பாசி எல்லாம் இதே பாத்துக்குங்க, தனியாத் தீனி போடவே வேண்டியதில்லைங்க." அந்தத் தொட்டியில் ஒட்டியிருந்த மீன்களின் வயிறு அத்தனையும் உள்வாங்கியிருந்தது.

வாங்கும்போது முதுகைப் பார்க்காதீர்கள். நிறத்தில் மயங்க வேண்டாம். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் மீனாகத் தேடி, வெளியிலிருந்து அதன் வயிற்றைப் பாருங்கள். முன் துடுப்புக்கும் வயிற்றுத் துடுப்புக்கும் இடையில் உள்ள பகுதி கொஞ்சம் புடைத்தோ, குறைந்தபட்சம் சமமாகவோ இருக்க வேண்டும். குழி விழுந்து, ஓரத்தில் நிழல் தட்டினால் விட்டுவிடுங்கள். பரிதாபப்பட்டு வாங்கி வந்து தேற்றிவிடலாம் என்று தோன்றும். ரொம்ப நாள் பட்டினி கிடந்த மீன், தீனி கிடைத்தாலும் எடுக்காது. செவுள் வேகமாக அடித்துக்கொண்டு, நிறம் வெளுத்து, தொட்டியின் மேல்மட்டத்தில் வந்து ஒட்டியிருப்பதும் வேண்டாம். அது காற்றுக்குத் தவிக்கிறது.

சரி, கல். மீன் வாங்குவதற்கு ஒன்றரை இரண்டு மாதம் முன்பே தொட்டியை ஓடவிட வேண்டும். ஆற்றுக் கூழாங்கல்லில் உள்ளங்கை அகலத்துக்கு உருண்டையானவற்றை எடுங்கள். தோட்டக் கடைகளில் விற்கும் பளபளப்புக் கற்களுக்கு மெழுகோ பாலிஷோ ஏற்றியிருப்பார்கள், அது வேண்டாம். எலுமிச்சைச் சாறு விட்டு நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல். தண்ணீரைக் கடினமாக்கும், அதையும் ஒதுக்கிவிடலாம். தொட்டியில் விளக்கைப் பத்து மணி நேரம் போல விட்டுப் பாசி வளரவிடுங்கள். முன் கண்ணாடியை மட்டும் துடையுங்கள். பக்கக் கண்ணாடியும் பின் கண்ணாடியும் அவற்றின் மேய்ச்சல் நிலம்.

மீன்கள் வந்த பிறகு தொட்டிக்குள் வளரும் பாசி மட்டும் போதாது. ஐந்தாறு லோச் சேர்ந்தால் மூன்றடித் தொட்டியை மொட்டையடித்துவிடும். அதனால் மொட்டைமாடியில் கல் வளர்க்கிறேன். அகலமான பிளாஸ்டிக் தொட்டிகள் சிலவற்றில், வாராவாரம் மாற்றும்போது எடுக்கிற மீன்தொட்டித் தண்ணீரையே ஊற்றி, கற்களைப் பரப்பி வெயிலில் வைத்துவிடுவேன். அந்தத் தண்ணீரில் இருக்கும் நைட்ரேட்டே உரம். பத்து நாளில் பழுப்புப் படலம் பிடிக்கும், அப்புறம் பச்சை. கற்களை முறைவைத்து உள்ளே விட்டு, மேய்ந்து தீர்ந்ததை மேலே கொண்டுபோக வேண்டும். நீளமாக முடிபோலத் தொங்கும் பாசியை லோச் தொடாது. கல்லோடு ஒட்டிய மெல்லிய படலம்தான் அதற்குத் தீனி. முடிப்பாசி வந்தால் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு மறுபடி வெயிலில் வையுங்கள்.

மாடியில் தேங்கிய தண்ணீர் என்றதும் வீட்டில் சண்டை வரும், வரவும் வேண்டும். "டெங்கு வந்தா உன் மீனா கண்ணு ஆஸ்பத்திரிக்கு வரும்?" என்று அம்மா கேட்டது சரிதான். ஏடிஸ் கொசு இப்படிப்பட்ட சின்னச் சின்ன நன்னீரில்தான் முட்டையிடும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். எனவே ஒவ்வொரு தொட்டியின் மேலும் கொசுவலைத் துணியை இழுத்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருக்கிறேன். வெயில் இறங்கும், கொசு இறங்காது. இதைச் செய்ய முடியாதவர்கள் மாடியில் கல் வைக்கவே கூடாது, அவ்வளவுதான்.

அடுத்தது கையால் கொடுக்கும் தீனி. மாத்திரைத் தீனியைப் பல லோச்கள் கண்டுகொள்வதில்லை. காரணம் எளிது: அவற்றின் வாய் அடியில் இருக்கிறது, தட்டையான பரப்பைச் சுரண்டத்தான் அதற்குத் தெரியும். தீனியையும் கல்லின் மேல் படலமாக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. மளிகைக் கடையில் கிடைக்கும் கடல்பாசி, சைனா கிராஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள், அதைத் தண்ணீரில் ஊறவைத்துக் கொதிக்கவிட்டு நன்றாகக் கரைத்துக்கொள்ளுங்கள். தனியாக, ஸ்பிருலினாப் பொடி, வேகவைத்துத் தோலுரித்த பட்டாணி, ஓடு நீக்கிய இறால் கொஞ்சம், எல்லாவற்றையும் உப்பு சேர்க்காமல் விழுதாக அரையுங்கள். கடல்பாசிக் கரைசல் சூடு தணிந்து, ஆனால் இறுகுவதற்கு முன்னால், விழுதைக் கலக்க வேண்டும். கொதிக்கும்போது கலந்தால் சத்து போய்விடும். காய்ந்த கூழாங்கற்களை இந்தக் குழம்பில் முக்கி எடுத்துத் தட்டில் வைத்தால் சில நிமிடங்களில் பச்சைப் பூச்சாக இறுகிவிடும். மீதியைச் சின்னத் துண்டுகளாக்கி ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளலாம். ஜெலட்டினை விடக் கடல்பாசி நல்லது. நம் ஊர்த் தண்ணீர்ச் சூட்டில் ஜெலட்டின் இளகிக் கலங்கிவிடும், இது இளகாது.

விளக்கணைப்பதற்குக் கொஞ்சம் முன்னால் பூச்சுக் கல்லை உள்ளே வைத்துவிட்டுக் காத்திருங்கள். முதலில் ஒன்று வரும். கல்லின் ஓரத்தைத் தடவிப் பார்த்து, ஏறி, நடுவில் உட்கார்ந்து, தலையை இடம் வலமாக அசைத்துச் சுரண்ட ஆரம்பிக்கும். அதற்குள் இன்னொன்று வந்து அதன் மேலேயே ஏறி மூடும். அடியில் இருப்பது புரண்டு அதன் மேல் ஏறும். இரண்டும் துடுப்பை விரித்துக்கொண்டு கல்லைச் சுற்றிச் சுழலும். பார்க்கச் சண்டை மாதிரி இருந்தாலும் காயம் படுவது அபூர்வம். இடத்துக்கான போட்டி அது, பெரும்பாலும் ஆண்களுக்குள். அதனால்தான் இரண்டே இரண்டாக வாங்காதீர்கள் என்று சொல்கிறேன். ஒன்று மற்றொன்றை விரட்டியே ஒடுக்கிவிடும். ஐந்தாறு இருந்தால் மிரட்டல் எல்லோருக்கும் பங்கிடப்பட்டுவிடும். அவற்றின் இயல்பான விளையாட்டும் அப்போதுதான் வெளியே வரும். வாரத்தில் ஒருநாள் உறைந்த பிளட்வார்ம் என்ற சிவப்புப் புழுவோ, ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ப் பொடி இறாலின் குஞ்சோ கொடுக்கலாம். வெள்ளரி, சுரைக்காயில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இனி ஓட்டம். ஓடையில் தண்ணீர் கல்லில் மோதிச் சிதறும்போது காற்று கலக்கிறது. தொட்டியில் அதை நாம்தான் செய்ய வேண்டும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும்; 30 டிகிரியில் ஏழரைதான். அதே நேரம் சூட்டில் மீனின் தேவை ஏறும். ஆக, வெயில் காலத்தில் லோச்சைக் கொல்வது சூடு மட்டுமில்லை, சூட்டோடு சேர்ந்த காற்றுப் பஞ்சம். தண்ணீர் 26, 27 வரை போனாலும் மேற்பரப்பு கொந்தளித்துக்கொண்டிருந்தால் செவெல்லியா சமாளிக்கும். 25இலேயே தண்ணீர் அசையாமல் நின்றால் தவித்துவிடும். பியூஃபோர்ஷியா இந்த அளவுகூடத் தாங்காது. குளிர்சாதன வசதியோ சில்லரோ இல்லாதவர்கள் அதைத் தொட வேண்டாம்.

என் தொட்டி 36 அங்குல நீளம், 15 அகலம், 15 உயரம். கல்லும் மண்ணும் போகச் சுமார் 110 லிட்டர். ஒரு மணி நேரத்தில் மொத்தத் தண்ணீரும் பதினைந்து முறையாவது சுற்ற வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். அதற்கு இரண்டு வேவ்மேக்கர், அதாவது தண்ணீரைத் தள்ளி ஓடவைக்கும் பம்ப், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே திசையில். எதிரெதிராக வைத்தால் தண்ணீர் குழம்புமே தவிர ஓடாது. பம்ப் வாங்கும்போது வாட்டைக் கவனியுங்கள். தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் பம்ப் தின்னும் மின்சாரம் கடைசியில் தண்ணீரின் சூடாகத்தான் மாறும். டிசி வேவ்மேக்கர் குறைந்த வாட்டில் அதே ஓட்டத்தைத் தருகிறது. உறிஞ்சும் வாயில் ஸ்பாஞ்ச் அவசியம். பெரிய கற்களை அங்கங்கே வைத்து, பின்னால் ஓட்டம் இல்லாத ஒதுக்கிடங்களையும் விடுங்கள். அவையும் இளைப்பாற வேண்டும்.

சூட்டைக் குறைக்க நான் நம்புவது விசிறியை. தண்ணீர்ப் பரப்பின் மேல் சாய்வாகக் காற்று படுகிற மாதிரி இரண்டு சின்ன விசிறிகள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால், அது எடுத்துச் செல்லும் சூடு 100 லிட்டரை ஐந்து டிகிரிக்கு மேல் குளிர்விக்கப் போதுமானது. மார்ச், ஏப்ரலில் கோவைக் காற்று வறண்டிருப்பதால் இது அருமையாக வேலை செய்கிறது. மதியம் அறை 33இல் இருக்கும்போது தொட்டி 27ஐத் தாண்டாது. ஜூன் வந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் காற்றே ஈரமாக இருப்பதால் விசிறி இவ்வளவு உதவாது. அங்கே நாளெல்லாம் ஏசி ஓடும் அறையோ சில்லரோ இல்லாமல் இந்த மீனை வாங்குவது மீனுக்குச் செய்யும் கொடுமை என்றே சொல்வேன்.

ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கும். அதனால் குறைந்த அளவை ஆர்ஓ தண்ணீரால் நிரப்ப வேண்டும். போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, ஏறிக்கொண்டே போகும். சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள், குளோரினை மட்டும் போக்கினால் போதும். வாரம் மூன்றில் ஒரு பங்கு மாற்றுகிறேன், அதுவும் விடியற்காலையில். மே மாதத்து மதியத்தில் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரில் கை வைத்துப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

விசிறிக்காகக் கண்ணாடி மூடியை எடுத்துவிட்டால் இன்னொரு ஆபத்து. லோச் ஈரக் கண்ணாடியில் தண்ணீர் மட்டத்துக்கு மேலேயும் ஏறும், வயர் போகிற இடுக்கில் நுழைந்து வெளியே விழுந்துவிடும். அலுமினியச் சட்டத்தில் நைலான் வலை அடித்து மூடியாகப் போட்டால் காற்றும் போகும், மீனும் தங்கும். மின்வெட்டுக்கு, பேட்டரியில் தானாக ஓட ஆரம்பிக்கும் ஏர் பம்ப் ஒன்றை மாட்டிவையுங்கள். இன்வெர்ட்டர் இருக்கும் வீடென்றால் ஒரு வேவ்மேக்கரையாவது அந்த லைனில் கொடுங்கள். மற்ற மீன்கள் சில மணி நேரம் பொறுக்கும். லோச் தொட்டியில் மின்சாரம் போவது ஓடை நின்றுபோவதுதான்.

வலையால் பிடிக்கவே கூடாது. துடுப்பு முட்கள் நூலில் சிக்கி, இழுக்கும்போது கிழியும். அகலமான டப்பாவைத் தண்ணீருக்குள் சாய்த்து, விரலால் மெதுவாக ஓரத்தில் தள்ளினால் தானே நழுவி உள்ளே போய்விடும். வெண்புள்ளி நோய்க்குத் தண்ணீரை 30 டிகிரிக்குச் சூடேற்றும் வைத்தியம் எல்லோரும் சொல்வது. இந்த மீனுக்கு அது நோயை விட மோசம். தாமிரம் கலந்த மருந்தும் ஆகாது. புது மீன் எதையும் தனித் தொட்டியில் மூன்று நான்கு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுச் சேர்ப்பதுதான் உருப்படியான வழி. கூட வளர்க்க ஜீப்ரா டானியோ, ஒயிட் கிளவுட் இரண்டும் பொருத்தம். 29 டிகிரி கேட்கும் டிஸ்கஸும், இடத்தை எல்லாம் அடைத்துக்கொள்ளும் ப்ளெக்கோவும் வேண்டாம்.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இதே வாழ்க்கை வாழும் மீன்கள் உண்டு. பவானியா ஆஸ்ட்ராலிஸ் நமக்குப் பக்கத்து வீட்டுக்காரர். வாளையார்க் காட்டு ஓடையில் கிடைத்ததை வைத்து 1849இல் ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜெர்டன் அதை விவரித்தார். வேக ஓட்டத்து மீன்களை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவர் இந்திய மீனியல் அறிஞர் சுந்தர் லால் ஹோரா. செவெல்லியா என்ற பேரினத்துக்கு 1932இல் பெயரிட்டவரும் அவர்தான். நம் மலை மீன்களுக்கும் கிழக்காசிய மலை மீன்களுக்கும் உள்ள ஒற்றுமையைப் பார்த்து, அவை சாத்புரா மலைத்தொடர் வழியாக இங்கே பரவியிருக்க வேண்டும் என்று 1940களில் ஒரு கருத்தை முன்வைத்தார். பின்னால் வந்தவர்கள் அதை நிறையவே மறுத்திருக்கிறார்கள். ஆனால் சிறுவாணி அடிவாரத்தில் ஒரு கல்லைக் குனிந்து பார்க்கும்போது அந்த யோசனை அவருக்கு ஏன் வந்தது என்று புரிகிறது. பார்ப்பதோடு சரி. காப்புக்காட்டு ஓடையில் மீன் பிடிப்பது குற்றம். அது இல்லையென்றாலும், தடுப்பணையாலும் மணல் அள்ளலாலும் ஏற்கெனவே சுருங்கிவிட்ட இடத்திலிருந்து ஒரு மீனைத் தொட்டிக்காக எடுக்க எனக்கு மனம் ஒப்பாது. அப்படிப் பிடித்து விற்பவர்களிடம் தயவுசெய்து வாங்காதீர்கள்.

செவெல்லியா வீட்டுத் தொட்டியிலேயே குஞ்சு வைக்கும். ஆணுக்குத் தலைக்கும் துடுப்புக்கும் இடையில் தோள் மாதிரி ஒரு கோணம் தெரியும். பெண்ணுக்கு அந்த விளிம்பு ஒரே வளைவாக ஓடும். நவம்பர் மழையில் தண்ணீர் தானாகக் குளிர்ந்திருக்கும் சமயம், கொஞ்சம் அதிகமாகத் தண்ணீர் மாற்றினால் ஜோடி சேர்ந்து பொடிக்கற்களைத் துடுப்பால் விசிறிக் குழி பறிக்க ஆரம்பிக்கும். முட்டை கல்லிடுக்கில் போய்விடும், நமக்குத் தெரியாது. வாரங்கள் கழித்து, பின் கண்ணாடியில் அரை சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு கோடு நகர்வதைப் பார்த்தால்தான் விஷயமே தெரியும். அந்தக் கண்ணாடியில் பாசி இருந்தால் குஞ்சு பிழைக்கும், துடைத்துவிட்டிருந்தால் பிழைக்காது. இந்தச் சமயத்தில் குழாய் வைத்து அடிமண்ணை உறிஞ்சிச் சுத்தம் செய்ய (சைஃபன் போட) வேண்டாம். இப்படி இங்கேயே பிறந்து வளரும் குஞ்சுகள் பூச்சுக் கல்லை முதல் நாளிலிருந்தே தின்கின்றன, நம் தண்ணீருக்கும் பழகியிருக்கின்றன. உங்கள் ஊரில் யாராவது இவற்றைப் பெருக்குகிறார்கள் என்று தெரிந்தால், இறக்குமதி மீனுக்குப் போகாமல் அவர்களிடம் சொல்லிவைத்துக் காத்திருந்து வாங்குங்கள். காத்திருக்கும் நேரத்தில் கல் தயாராகிவிடும்.